பலகை பழுதா, தொடர்பு பழுதா?
நுண்கட்டுப்படுத்திப் பலகையின் யூ.எஸ்.பி. இணைப்புக் கோளாறுகளைக் கண்டறிதல்

க.பொ.த. உயர்தரம் – தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல்
அலகு: பொருட்களின் இணையம் – செயன்முறைத் துணைப்பாடம்



பொருட்களின் இணையம் என்னும் அலகைக் கற்கும்போது அர்டுயினோ போன்ற நுண்கட்டுப்படுத்திப் பலகை ஒன்றை நீங்கள் கையாள நேரிடும். பலகையைக் கணினியில் செருகியதும் செய்நிரல் எழுதத் தொடங்கிவிடலாம் என்றே பாடநூல்கள் கூறும். ஆனால் செயன்முறை வகுப்பில் முதலாவது அரை மணித்தியாலம் “சேர், கணினி பலகையைக் காட்டவில்லை” என்ற முறைப்பாட்டிலேயே கழிந்துவிடுகிறது. சில மாணவர்கள் பலகை எரிந்துவிட்டது என முடிவுகட்டி அதனை ஒதுக்கியும் விடுகின்றனர்.

புசல்லாவையில் இருக்கும் மாணவருக்கு இது சிறிய விடயமன்று. பலகையை மாற்றுவதாயின் கம்பளை வழியாகக் கண்டிக்குப் போய்வர வேண்டும், அல்லது கொழும்பிலிருந்து தபாலில் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு நாள் வகுப்பும் பெற்றோர் உழைத்துக் கொடுத்த பணமும் அதிலே போய்விடும். இப்படி ஒதுக்கப்படும் பலகைகளில் பல உண்மையில் பழுதடைந்தவை அல்ல. கணினிக்கும் பலகைக்கும் இடையிலான உரையாடல் ஏதோ ஒரு கட்டத்தில் நின்றுபோயிருக்கும். அது எந்தக் கட்டத்தில் நின்றது என்பதைக் கண்டறியும் முறையே இப்பாடம். பரீட்சையில் இதனை நேரடியாகக் கேட்காவிட்டாலும், தொடர்த் தரவுத் தொடர்பு, சாதனச் செலுத்தி, துறை, ஓமின் விதி ஆகியவற்றை ஒரே உதாரணத்தில் விளங்கிக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை.

பலகையில் இருப்பது ஒரு சில்லு அல்ல

அர்டுயினோ 2005ஆம் ஆண்டில் இத்தாலியின் இவ்றேயா நகரில், வடிவமைப்புக் கற்கும் மாணவர்களுக்காக உருவாக்கப்பட்டது. மாசிமோ பன்சி, டேவிட் குவார்த்தியேயெஸ் முதலானோர் அதனை உருவாக்கிய குழுவைச் சேர்ந்தவர்கள். இன்று பாடசாலைகளில் அதிகம் காணப்படும் ஊனோ என்னும் பலகை 2010இல் வெளிவந்தது. அதன் வரைபடங்கள் யாவருக்கும் திறந்து விடப்பட்டிருப்பதால் வேறு நிறுவனங்களும் அதே பலகையைத் தயாரிக்கின்றன. நம்மூர் மாணவர்களின் கைகளில் இருப்பவை பெரும்பாலும் இவ்வாறான மலிவுப் பிரதிகளே. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவையும் நன்றாகவே இயங்கும்.

ஊனோ பலகையை உற்றுப் பாருங்கள். நீண்ட கரிய பெரிய சில்லு அட்மெகா 328பி ஆகும். நீங்கள் எழுதும் செய்நிரல் ஓடுவது அதில்தான். ஆனால் அந்தச் சில்லுக்கு யூ.எஸ்.பி. மொழி தெரியாது. அனுப்பல், பெறல் என்ற இரு கம்பிகளில் நடக்கும் எளிய தொடர்த் தொடர்பு மட்டுமே அதற்குத் தெரியும். ஆகவே யூ.எஸ்.பி. குதைக்கு அருகில் இன்னொரு சிறிய சில்லு மொழிபெயர்ப்பாளராக வைக்கப்பட்டுள்ளது. அசல் ஊனோவின் மூன்றாம் பதிப்பில் இது அட்மெகா 16யூ2 ஆகும். மலிவுப் பிரதிகளில் பெரும்பாலும் சீனத் தயாரிப்பான சி.எச். 340 இருக்கும். பழைய பலகைகளில் ஸ்கொட்லாந்தின் எப்.ரி.டி.ஐ. நிறுவனத்தின் சில்லு இருந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது: “கணினி பலகையைக் காணவில்லை” என்றால் முறைப்பாடு மொழிபெயர்ப்பாளரைப் பற்றியதே, பெரிய சில்லைப் பற்றியது அல்ல. பெரிய சில்லைக் கழற்றி எடுத்துவிட்டாலும்கூட ஊனோ பலகை கணினியில் ஒரு துறையாகத் தோன்றும். (லெயனார்டோ பலகை இதற்கு விலக்கு. அதில் ஒரே சில்லு இரு வேலைகளையும் செய்கிறது.)

விளக்கு எரிவது எதனைக் காட்டுகிறது?

யூ.எஸ்.பி. என்பது அகிலத் தொடர் பாட்டை எனத் தமிழில் வழங்கப்படும். அதன் முதலாவது நியமம் 1996இல் வெளியானது. யூ.எஸ்.பி. 2.0 வகை வடம் ஒன்றினுள் நான்கு கம்பிகள் உள்ளன. வழக்கமாகச் சிவப்புக் கம்பி 5 வோல்ற் வழங்கலையும் கறுப்புக் கம்பி புவியையும் கொண்டிருக்கும். பச்சைக் கம்பி நேர்த்தரவு, வெள்ளைக் கம்பி மறைத்தரவு.

பலகையைச் செருகியதும் பச்சை நிற வலு விளக்கு எரிகிறது. உடனே மாணவர் “வடம் சரி” என்று கூறிவிடுகிறார். தவறு இங்கேதான் தொடங்குகிறது. விளக்கு எரிய சிவப்பும் கறுப்பும் போதும். தரவுக் கம்பிகள் இரண்டும் அறுந்திருந்தாலும் விளக்கு அழகாக எரியும். கைத்தொலைபேசி மின்னேற்றத்துக்கென விற்கப்படும் மலிவு வடங்கள் சிலவற்றில் தரவுக் கம்பிகளே இல்லை. அவற்றின் மூலம் எந்தக் கணினியிலும் எந்தப் பலகையும் தோன்றாது.

எனவே முதலாவது சோதனை வடத்துக்குத்தான். அதே வடத்தால் ஒரு கைத்தொலைபேசியைக் கணினியுடன் இணைத்து, அதிலுள்ள படங்களைக் கணினியில் திறக்க முடிகிறதா எனப் பாருங்கள். தொலைபேசியில் கோப்புப் பரிமாற்றத்துக்கு அனுமதி கொடுக்க மறக்க வேண்டாம். படம் திறந்தால் தரவுக் கம்பிகள் நல்லவை. மின்னேற்றம் மட்டும் நடந்தால் அந்த வடத்தில் ஒரு முடிச்சுப் போட்டு வையுங்கள். வகுப்பில் இன்னொருவர் அதனால் ஏமாறாதிருக்க உதவும்.

ஊனோ பலகைக்குத் தேவைப்படுவது சதுரமான தலையுள்ள பி வகை வடம். அச்சுப்பொறிக்குப் பயன்படுவதும் அதுவே. அச்சுப்பொறி வடங்கள் தரவுக்காகவே செய்யப்படுவதால் ஊனோவில் வடக் கோளாறு குறைவு. பாடசாலை அலுவலகத்திலுள்ள அச்சுப்பொறி வடத்தை அனுமதியுடன் பெற்றுச் சோதிக்கலாம். நோட் எம்.சி.யூ. போன்ற மைக்ரோ யூ.எஸ்.பி. குதையுள்ள பலகைகளில்தான் தொலைபேசி வடம் நம்மை ஏமாற்றும். சி வகைக் குதை கொண்ட சில பிரதிகளில் இன்னொரு குறை உண்டு. சி வகைக்குக் கட்டாயமான 5.1 கிலோ ஓம் தடையிகளைத் தயாரிப்பாளர் மிச்சம் பிடித்துவிடுவார். அப்படிப்பட்ட பலகை இருபுறமும் சி தலையுள்ள வடத்தில் விளக்குக்கூட எரியாது. ஒரு புறம் வழமையான ஏ தலையுள்ள வடத்தில் ஒழுங்காக இயங்கும்.

நமது பிரதேசத்தின் மூடுபனியையும் ஈரலிப்பையும் மறக்கக் கூடாது. மாதக்கணக்கில் திறந்த பெட்டியில் கிடந்த வடத்தின் முனையிலும் கணினியின் குதையிலும் மெல்லிய ஒட்சைட்டுப் படை உண்டாகும். மின் இணைப்பை நீக்கிவிட்டு, செருகியை நாலைந்து தடவை செருகிக் கழற்றினாலே தொடுகை பல வேளைகளில் சீராகிவிடும்.

கணினி எவ்வாறு பலகையை அறிகிறது?

கணினிப் பக்கத்தில் இரு தரவுக் கம்பிகளும் தலா 15 கிலோ ஓம் தடையியினூடாகப் புவிக்கு இணைக்கப்பட்டுள்ளன. ஒன்றும் செருகப்படாதபோது இரண்டும் ஏறத்தாழ 0 வோல்ற்றில் இருக்கும். பலகையின் மொழிபெயர்ப்பாளர் சில்லு தனது நேர்த்தரவுக் கம்பியை 1.5 கிலோ ஓம் தடையியினூடாக 3.3 வோல்ற்றுடன் இணைத்து வைத்துள்ளது. பலகையைச் செருகியதும் ஓர் அழுத்தப் பிரிப்பி உருவாகிறது.

நேர்த்தரவுக் கம்பியின் வோல்ற்றளவு = 3.3 × 15 ÷ (15 + 1.5) = 3.0 வோல்ற்

இந்த உயர்வைக் கண்டதுமே “யாரோ வந்துவிட்டார்” எனக் கணினி அறிகிறது. அதன் பின் பலகைக்கு மீளமைப்புச் சைகை அனுப்பி, “நீ யார்?” எனக் கேட்கிறது. பலகை தன் விவரங்களைக் கூற, கணினி அதற்கு ஒரு முகவரி வழங்குகிறது. அதற்குப் பொருத்தமான சாதனச் செலுத்தி தேடப்படுகிறது. விண்டோஸ் கணினியில் நாம் கேட்கும் ‘டிங்-டாங்’ ஒலி இந்த உரையாடல் தொடங்கியதன் அறிகுறியாகும்.

இதிலிருந்து மிகப் பயனுள்ள ஒரு முடிவுக்கு வரலாம். நேர்த்தரவுக் கம்பி அறுந்திருந்தால் வோல்ற்றளவு உயராது. கணினி எந்தச் சத்தமுமின்றி இருக்கும். நேர்த்தரவு நன்றாக இருந்து மறைத்தரவு அறுந்திருந்தால், யாரோ வந்திருப்பது கணினிக்குத் தெரியும், கேள்வி கேட்கும், விளங்கக்கூடிய பதில் வராது. அப்போது “அடையாளம் தெரியாத யூ.எஸ்.பி. சாதனம்” என்ற அறிவித்தல் தோன்றும். டிவைஸ் மனேஜரில் இது மஞ்சள் முக்கோணத்துடன் பிழைக் குறியீடு 43 எனக் காட்டப்படும். மௌனமும் அறிவித்தலும் வெவ்வேறு நோய்களின் அறிகுறிகள். மாணவர்கள் இரண்டையும் “வேலை செய்யவில்லை” என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவதால்தான் கோளாறு பிடிபடாமல் போகிறது.

ஆகவே டிவைஸ் மனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு பலகையைக் கழற்றிச் செருகுங்கள். பட்டியல் அசைகிறதா? அசைந்தால் எந்த வரி புதிதாக வந்தது? அதனைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். ஒரு நிமிடம் போதும். செலுத்தியை அழித்து நிறுவுவது, விண்டோஸை மீள நிறுவுவது போன்ற பெரிய வேலைகளில் இறங்க முன்னர் இதனைச் செய்யாதவர் நாள் முழுவதையும் வீணாக்குவார்.

பெயர் சொன்னது, ஆனால் கணினிக்குப் புரியவில்லை

பலகை கூறும் விவரங்களில் இரு எண்கள் முக்கியமானவை. ஒன்று தயாரிப்பாளர் எண், மற்றையது உற்பத்தி எண். அசல் ஊனோ மூன்றாம் பதிப்பு 2341, 0043 எனக் கூறும். சி.எச். 340 சில்லு 1ஏ86, 7523 எனக் கூறும். எப்.ரி.டி.ஐ. சில்லு 0403, 6001 எனக் கூறும். இவை பதினறும எண்கள் என்பதைக் கவனிக்க. டிவைஸ் மனேஜரில் அந்தச் சாதனத்தின் விவரப் பக்கத்தில் வன்பொருள் அடையாளம் என்ற இடத்தில் இவற்றைப் பார்க்கலாம்.

எண் கிடைத்தும் பொருத்தமான செலுத்தி கணினியில் இல்லையெனில் பிழைக் குறியீடு 28 தோன்றும். இந்நிலையில் வடமும் நல்லது, பலகையும் நல்லது. மென்பொருள் மட்டுமே இல்லை. விண்டோஸ் 10இலும் அதற்குப் பின் வந்தவற்றிலும் அசல் ஊனோவுக்கான செலுத்தி உள்ளேயே உண்டு. விண்டோஸ் 7 ஓடும் பழைய கணினியில் அர்டுயினோ மென்பொருளின் கோப்புறையிலிருந்து அதனைக் காட்டிக் கொடுக்க வேண்டும். சி.எச். 340க்கு விண்டோஸ் வழமையாக இணையத்திலிருந்து செலுத்தியைப் பெறும். இணைய வசதியற்ற கணினி கூடத்தில் அது நடவாது. “வீட்டில் வேலை செய்தது, பாடசாலையில் வேலை செய்யவில்லை” என்ற முறைப்பாட்டின் காரணம் பெரும்பாலும் இதுவே. சில்லுத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து செலுத்தியை ஒரு தடவை பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டால் எல்லாக் கணினிகளுக்கும் அது போதும். வேறு தளங்களில் இலவசமாகக் கிடைக்கும் ‘செலுத்தி நிறுவி’களை நாட வேண்டாம், அவற்றோடு வேண்டாத மென்பொருள்களும் வந்துசேரும்.

அடையாள எண் எவ்வளவு முக்கியமானது என்பதை உலகம் 2014 ஒக்டோபரில் கண்டது. எப்.ரி.டி.ஐ. நிறுவனத்தின் சில்லைப் போன்றே போலிச் சில்லுகள் சந்தையில் மலிந்திருந்தன. அந்நிறுவனம் வெளியிட்ட புதிய செலுத்தி, விண்டோஸ் இற்றைப்படுத்தல் வழியாகப் பயனரின் கணினிகளுக்கு வந்து, போலிச் சில்லுகளின் உற்பத்தி எண்ணை 6001இலிருந்து 0000 ஆக மாற்றி எழுதிவிட்டது. அதன் பின் எந்தக் கணினியும் அவற்றை அடையாளம் காணவில்லை. தாம் வாங்கியது போலி என்பதே தெரியாத பாவனையாளர்கள் தமது பலகைகள் ‘இறந்துவிட்டன’ எனக் கருதினர். பலத்த எதிர்ப்புக் கிளம்பவே அந்தச் செலுத்தி மீளப் பெறப்பட்டது. எண்ணைப் பழையபடி எழுதிய பலகைகள் மீண்டும் இயங்கின. சில்லு எரியவில்லை, கம்பி அறவில்லை, ஒரு பெயர் மட்டுமே அழிந்திருந்தது. போலியைத் தடுக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டுதான். ஆனால் வாங்கியவரின் மேசையிலிருக்கும் பொருளை முடக்கியது முறையன்று என்பதே இக்கட்டுரையாளரின் எண்ணம்.

லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு இந்தச் செலுத்திகள் கருவிலேயே உண்டு. அசல் ஊனோ ரி.ரி.வை.ஏ.சி.எம்.0 என்றும், சி.எச். 340 பலகை ரி.ரி.வை.யூ.எஸ்.பி.0 என்றும் தோன்றும். துறை தோன்றியும் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ எனக் கூறினால் உங்கள் பயனர் கணக்கை டயல்அவுட் என்னும் குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும். உபுண்டு 22.04இல் வினோதமான ஒரு சிக்கலும் உண்டு. பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெயில் காட்சிச் சாதனத்துக்கான பி.ஆர்.எல்.ரி.ரி.வை. என்ற மென்பொருள், அதே எண்ணுடைய சி.எச். 340 பலகையைப் பிரெயில் சாதனம் எனக் கருதித் தன்வசம் எடுத்துக்கொள்ளும். துறை ஒரு கணம் தோன்றி மறைந்துவிடும். பிரெயில் சாதனம் பாவிக்காத கணினியாயின் அம்மென்பொருளை நீக்கிவிடலாம்.

துறை உண்டு, செய்நிரல் ஏறவில்லை

டிவைஸ் மனேஜரில் கொம் 3, கொம் 5 போன்ற துறை எண் தோன்றிவிட்டால் யூ.எஸ்.பி. பகுதி தன் வேலையை முடித்துவிட்டது. இனி வருவன வேறு வகைக் கோளாறுகள்.

அர்டுயினோ மென்பொருளின் டூல்ஸ் பட்டியலில் அதே எண்ணைத் தெரிவு செய்துள்ளீர்களா எனப் பாருங்கள். வேறொரு குதையில் செருகினால் எண் மாறக்கூடும். நேற்று கொம் 3 ஆக இருந்தது இன்று கொம் 6 ஆகலாம். விண்டோஸில் ஒரு துறையை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருளே திறக்கலாம் என்பதும் நினைவிலிருக்கட்டும். தரவைப் பார்ப்பதற்காக நீங்கள் எழுதிய பைதன் செய்நிரல் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால் மேலேற்றம் ‘அணுகல் மறுப்பு’ எனத் தடைப்படும்.

மேலேற்றம் நடைபெறும் விதத்தையும் அறிந்திருங்கள். மென்பொருள் துறையைத் திறக்கும்போது ஒரு கட்டுப்பாட்டுச் சைகை தாழ்நிலைக்குச் செல்லும். 100 நானோ பரட் கொள்ளளவி ஒன்று இதனைக் குறுகிய துடிப்பாக மாற்றிப் பெரிய சில்லை மீளமைக்கும். விழித்தெழும் சில்லில் முதலில் ஓடுவது பூட்லோடர் என்னும் சிறிய செய்நிரல். அது ஏறத்தாழ ஒரு செக்கனுக்குப் புதிய செய்நிரல் வருகிறதா எனக் காத்திருக்கும். அந்நேரத்துக்குள் கணினி அனுப்பும் வணக்கத்துக்குப் பதில் கிடைக்காவிடின் ‘நொட் இன் சிங்க்’ என்ற செய்தி, ‘10இல் 1ஆவது முயற்சி’, ‘2ஆவது முயற்சி’ எனத் தொடர்ந்து வரும். இச்செய்தியைக் கண்டு வடத்தை மாற்றுவதில் பயன் குறைவு. வழமையான காரணங்கள் மூன்று. தவறான பலகை வகையைத் தெரிவு செய்திருக்கலாம். பலகையின் 0ஆம், 1ஆம் முனைகளில் புளூரூத் போன்ற ஏதாவது இணைக்கப்பட்டிருக்கலாம். அந்த முனைகளே மொழிபெயர்ப்பாளரும் பெரிய சில்லும் பேசிக்கொள்ளும் வழி என்பதால் அங்கே மூன்றாமவர் குறுக்கிட்டால் பேச்சுக் குழம்பும். நானோ பலகையாயின் அதன் பூட்லோடர் பழையதாக இருக்கலாம். பழையது வினாடிக்கு 57600 பிற்று வேகத்திலும் புதியது 115200 வேகத்திலும் பேசும். பட்டியலில் ‘பழைய பூட்லோடர்’ என்பதைத் தெரிவு செய்தால் பிரச்சினை தீரும்.

மைக்ரோபிட் பலகை வைத்திருப்போருக்கு ஒரு சொல்: அது துறையாக மட்டுமன்றி பென் டிரைவ் போலவும் தோன்றும். மீளமைப்புப் பொத்தானை அழுத்தியபடி செருகினால் ‘மெயின்டெனன்ஸ்’ என்ற பெயரில் வரும். பயப்பட வேண்டாம். கழற்றி, பொத்தானைத் தொடாமல் மறுபடி செருகுக.

மின்னோட்டம் போதாமை

சில பலகைகள் தோன்றும், மறையும், மீண்டும் தோன்றும். ‘டிங்-டாங்’ ஒலி மாறி மாறிக் கேட்கும். மோட்டர் சுழலத் தொடங்கும் கணத்தில் இது நடந்தால் காரணம் மின்னோட்டமே. யூ.எஸ்.பி. 2.0 நியமப்படி ஒரு சாதனம் அடையாளம் காணப்பட முன் 100 மில்லி அம்பியரும், அதன் பின் 500 மில்லி அம்பியரும் வரையே பெறலாம். தனி மின்வழங்கல் இல்லாத ஹப் ஒன்றின் ஒவ்வொரு குதைக்கும் 100 மில்லி அம்பியரே உரியது.

வடத்தின் தடையையும் கணக்கிடுவோம். மெல்லிய கம்பி ஒன்று மீற்றருக்கு ஏறத்தாழ 0.2 ஓம் தடையுடையது எனக் கொள்க. வடம் 2 மீற்றர் நீளம். மின்னோட்டம் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் கம்பியின் மொத்த நீளம் 4 மீற்றர், தடை 0.8 ஓம். 500 மில்லி அம்பியர் பாயும்போது

வோல்ற்றளவு வீழ்ச்சி = 0.5 × 0.8 = 0.4 வோல்ற்

பலகைக்குக் கிடைப்பது 4.6 வோல்ற் மட்டுமே. போய்த் திரும்பும் நீளத்தைச் சேர்க்க மறந்து 0.2 வோல்ற் என எழுதுவோர் பலர், அவதானம் தேவை. சேர்வோ மோட்டர் போன்றவற்றுக்குத் தனியான 5 வோல்ற் வழங்கலைக் கொடுத்து, அதன் புவியைப் பலகையின் புவியுடன் இணைப்பதே சரியான வழி.

அசல் ஊனோவில் 500 மில்லி அம்பியருக்குமேல் பாய்ந்தால் சூடாகி மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தி, குளிர்ந்ததும் மீளும் உருகி ஒன்று உண்டு. பலகையைப் பிஸ்கற் தகரத்தின் மேல் வைத்தால் அடிப்புறத்து ஈயப் பற்றுகள் குறுஞ்சுற்றாகி இவ்வுருகி தொழிற்படலாம். விளக்கு அணையும், பலகை செத்தது போலிருக்கும். உடனே கழற்றி, சில நிமிடங்கள் ஆறவிட்டு, மரப் பலகை அல்லது கடதாசி மட்டையின் மேல் வைத்து, வெளியிணைப்புகள் எதுவுமின்றிச் செருகிப் பாருங்கள். மலிவுப் பிரதிகள் சிலவற்றில் இந்த உருகியே இல்லை. ஆகவே தகரத்தை முதலிலேயே தவிர்ப்பது நல்லது.

மின்வெட்டு நேரத்தில் கைத்தொலைபேசிக்கான பவர் பாங்கில் பலகையை ஓட்டுவோர் ஒன்றை அறிய வேண்டும். பலகை பெறும் மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால், தொலைபேசி நிரம்பிவிட்டது என எண்ணிப் பவர் பாங்க் சில தானாகவே நின்றுவிடும். இதுவும் பலகையின் பழுதன்று.

எதிரொலிச் சோதனை

எல்லாம் பார்த்தும் ஐயம் தீரவில்லையாயின், இரண்டு துண்டு இணைப்புக் கம்பியால் தீர்ப்புப் பெறலாம். ஊனோ பலகையைக் கணினியிலிருந்து கழற்றுங்கள். ஒரு கம்பியால் ரீசெட் முனையைப் புவி முனையுடன் இணையுங்கள். இதனால் பெரிய சில்லு உறங்கிய நிலையில் வைக்கப்படும். மற்றக் கம்பியால் 0ஆம், 1ஆம் முனைகளை ஒன்றோடொன்று இணையுங்கள். இப்போது பலகையைச் செருகி, துறையைத் தெரிவு செய்து, சீரியல் மொனிற்றரைத் திறந்து “புசல்லாவை” எனத் தட்டச்சு செய்து அனுப்புங்கள். தமிழ் எழுத்து இல்லாவிடின் எண்களை அனுப்பலாம்.

அனுப்பியது அப்படியே திரும்பி வந்தால் வடம், கணினியின் குதை, மொழிபெயர்ப்பாளர் சில்லு, செலுத்தி, துறை ஆகிய ஐந்தும் நல்லவை என்பது ஒரே தடவையில் நிறுவப்பட்டுவிடும். எஞ்சியுள்ள சந்தேகம் பெரிய சில்லின் மீதோ உங்கள் தெரிவின் மீதோதான். குதையில் செருகப்பட்ட பெரிய சில்லு என்றால் அதனை மட்டும் மாற்றலாம். முழுப் பலகை வாங்கத் தேவையில்லை. சோதனை முடிந்ததும் இரு கம்பிகளையும் கழற்ற வேண்டும். கழற்ற மறந்தால் அடுத்த மேலேற்றம் நிச்சயம் தோல்வியடையும்.

மாதிரி வினாக்கள்

1. புசல்லாவையிலுள்ள மாணவி ஒருவர் வீட்டுத் தோட்டத்து மண்ணின் ஈரப்பதனை அளக்கும் கருவி ஒன்றைச் செய்கிறார். பலகையைச் செருகும்போது வலு விளக்கு எரிகிறது. கணினியில் ஒலி எழவில்லை. டிவைஸ் மனேஜரில் மாற்றமில்லை. அவர் புதிய பலகை வாங்கத் தீர்மானிக்கிறார். இத்தீர்மானம் பொருத்தமானதா? காரணம் தருக.

விடை: பொருத்தமன்று. விளக்கு எரிவதால் 5 வோல்ற், புவிக் கம்பிகள் தொடர்புடையவை என்பது மட்டுமே தெரிகிறது. கணினி மௌனமாக இருப்பதால் நேர்த்தரவுக் கம்பியின் வோல்ற்றளவு உயரவில்லை. தரவுக் கம்பியற்ற வடம், குதைத் தொடுகைக் கோளாறு, மொழிபெயர்ப்பாளர் சில்லின் பழுது ஆகிய மூன்றும் இவ்வறிகுறியைத் தரும். முதலிரண்டையும் வேறு வடத்தாலும் வேறு குதையாலும் செலவின்றிச் சோதித்த பின்னரே மூன்றாவதைக் கருத வேண்டும். (“வடம் பழுது” என ஒரு வரியில் எழுதி நிறுத்த வேண்டாம். அறிகுறியிலிருந்து காரணத்துக்கு எவ்வாறு வந்தீர்கள் என்பதையும் எழுதுக.)

2. வேறொரு மாணவரின் கணினியில் பிழைக் குறியீடு 28 தோன்றுகிறது. வன்பொருள் அடையாளம் 1ஏ86, 7523. அவர் செய்ய வேண்டியது யாது? வடத்தை மாற்றுவது பயன் தருமா?

விடை: சி.எச். 340க்கான செலுத்தியை நிறுவ வேண்டும். அடையாள எண்கள் சரியாகக் கிடைத்திருப்பதால் தரவுக் கம்பிகள் இரண்டும் தொழிற்படுகின்றன. வடத்தை மாற்றுவதால் பயனில்லை.

3. எதிரொலிச் சோதனையில் எழுத்துகள் திரும்பி வருகின்றன. ஆனால் கம்பிகளைக் கழற்றிய பின் மேலேற்றும்போது ‘நொட் இன் சிங்க்’ செய்தி வருகிறது. சோதிக்க வேண்டிய இரண்டைக் குறிப்பிடுக.

விடை: தெரிவு செய்த பலகை வகை சரியானதா என்பது, 0ஆம், 1ஆம் முனைகளில் வேறு சாதனம் இணைக்கப்பட்டுள்ளதா என்பது. மீளமைப்புப் பொத்தானை அழுத்தி விடும்போது ‘எல்’ என்ற விளக்கு சில தடவை விரைந்து மின்னுகிறதா என நோக்கி பூட்லோடர் உள்ளதா என அறிதலும் ஏற்கத்தக்க விடையே.

4. தாமாகவே செய்க: 3 மீற்றர் நீளமான வடம் ஒன்றின் கம்பி மீற்றருக்கு 0.2 ஓம் தடையுடையது. பலகையும் சேர்வோ மோட்டரும் சேர்ந்து 400 மில்லி அம்பியர் பெறுகின்றன. கணினியின் குதையில் 5 வோல்ற் இருப்பின் பலகையில் கிடைக்கும் வோல்ற்றளவைக் காண்க. அதே கம்பியிலான 1 மீற்றர் வடத்தைப் பயன்படுத்தினால் இப்பெறுமானம் எவ்வளவால் மாறும்?